மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் முதல் மூன்று நாட்கள்: தமிழ்நாட்டிலிருந்து முதன்முறையாக வருகிறவர்களுக்கு

மொரீஷியஸ் போக இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம். இது உண்மைதான். ஆனால் இதை மட்டும் கேட்டுவிட்டு, பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் போதும் என்று கிளம்பிவருகிறவர்கள்தான் விமான நிலையத்தில் திணறுகிறார்கள். எங்கள் வரிசையில் நின்ற ஒரு குடும்பத்தை ஓரமாக உட்கார வைத்து, தங்குமிடத்துக்குத் தொலைபேசியில் பேசி உறுதிசெய்த பிறகே விட்டார்கள். கைக்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

மொரீஷியஸ் தைப்பூசக் காவடியைப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை. அதற்காகத்தான் போனோம். தாள்களுக்கும் பேருந்துக்கும் பூட்டிய கடைகளுக்கும் நடுவில் அலைந்து தெரிந்துகொண்டதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். கடற்கரை விடுதியில் ஒரு வாரம் படுத்திருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது. ஊருக்குள் தங்கி, பேருந்தில் ஏறி இறங்கி, கோவில்களைப் பார்க்க நினைப்பவர்களுக்கு முழுவதும் தேவைப்படும்.

1. தாள்களை அச்சடித்துக் கையில் வையுங்கள்

குடியேற்ற அதிகாரி கேட்கக்கூடியவை இவை: திரும்பும் டிக்கெட், தங்குமிடத்துக்கான உறுதிச் சீட்டு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம். ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 டாலர் என்பது அவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அவ்வளவையும் ரொக்கமாகக் கொண்டுபோக வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு அறிக்கை, சர்வதேச அட்டை, கொஞ்சம் டாலர் மூன்றும் சேர்ந்து இருந்தால் சரி.

சொந்தக்காரர் அல்லது தெரிந்தவர் வீட்டில் தங்குகிறீர்களா? அப்படியானால் அவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் முகவரி, தொலைபேசி எண், நீங்கள் தங்கும் தேதிகள் எல்லாம் இருக்க வேண்டும். கூடவே அவருடைய அடையாள அட்டையின் நகல். நீங்கள் இறங்கும் நேரத்தில் அவர் தொலைபேசியை எடுக்கும் நிலையில் இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். 'தெரிந்தவர் வீடு' என்று வாயால் சொன்னால் போதாது.

நம்மவர்களுக்கென்றே இருக்கும் ஒரு சிக்கல் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருக்கும், டிக்கெட்டில் இனிஷியல் இருக்கும், விடுதிப் பதிவில் அழைக்கும் பெயர் மட்டும் இருக்கும். எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இருக்கட்டும். மருத்துவர் சீட்டிலும்கூட.

இன்னொன்று. முத்திரையில் எத்தனை நாள் தருவார்கள் என்பது உங்கள் திரும்பும் டிக்கெட்டைப் பொறுத்தது. முத்திரை குத்தியதும் அங்கேயே நின்று தேதியைப் பாருங்கள். நீட்டிக்க வேண்டுமானால் போர்ட் லூயிஸில் ஸ்டெர்லிங் ஹவுஸில் இருக்கும் குடியேற்ற அலுவலகத்துக்கு அலைய வேண்டிவரும்.

2. அரசுப் படிவத்துக்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்

கிளம்பும் முன் 'ஆல் இன் ஒன்' என்கிற பயணப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். ஆளுக்கு ஒன்று. முடித்ததும் ஒரு க்யூஆர் கோடு வரும். அதைத் தொலைபேசியிலும் வையுங்கள், அச்சடித்தும் வையுங்கள். செக்கின் கவுன்டரிலேயே கேட்பார்கள்.

இது முழுக்க இலவசம். ஆனால் தேடினால் முதலில் வருவது அரசுத் தளம் போலவே இருக்கும் தனியார் தளங்களாக இருக்கலாம். எங்கள் ஊர்ப் பயண முகவர் ஒருவர் இதை நிரப்பித் தர ஆளுக்கு 1500 ரூபாய் கேட்டார். உட்கார்ந்தால் பத்து நிமிட வேலை. மொரீஷியஸ் அரசின் தள முகவரி 'govmu.org' என்று முடியும். பணம் கேட்டால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள், வெளியே வந்துவிடுங்கள்.

3. பெட்டியில் எதை வைக்கக் கூடாது

மாத்திரைகளைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். மொரீஷியஸில் போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமை. நம் ஊரில் மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை எல்லாம் அதில் மாட்டலாம். டிரமடால், கோடீன், அல்பிரஸோலம், குளோனஸெபாம் போன்றவை இருந்தால் அங்குள்ள சுகாதார அமைச்சகத்தின் அனுமதியை முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். இதற்கு நேரம் பிடிக்கும். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும். கம்பெனிப் பெயர் மட்டும் இல்லாமல் மருந்தின் பெயரும் அதில் எழுதியிருக்கட்டும். மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துப்போகும் பழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. அட்டையோடுதான் கொண்டுபோக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கறிவேப்பிலை, பூ, வெற்றிலை, மாம்பழம், விதை, செடி எதுவும் வேண்டாம். செடி வகைகளுக்கு இறக்குமதி அனுமதி தேவை. பால் பொருளுக்கும் இறைச்சிக்கும் அப்படித்தான். சொந்தக்காரர்களுக்குப் பால்கோவா வாங்கிப் போகும் ஆசையை விட்டுவிடுங்கள். கடையில் பாக்கெட் போட்டு விற்கும் முறுக்கு, மிக்சர் போன்றவை தொல்லையில்லாதவை. துபாய் வழியாகப் போகிறவர்கள் மசாலாப் பொட்டலத்தில் கசகசா இருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள், அமீரகத்தில் அதற்குத் தடை. மின் சிகரெட்டும், சிகரெட் சுற்றப் பயன்படுத்தும் மெல்லிய தாளும் மொரீஷியஸுக்குள் போகக் கூடாது. பிளாஸ்டிக் பைக்கு 2016 முதல் தடை இருக்கிறது, துணிப்பை இரண்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சதுரக் கால்கள் கொண்ட மூன்று முனை அடாப்டர் ஒன்றை இங்கேயே வாங்கிவிடுங்கள். நம் மூன்று முனை பிளக் அங்கே நுழையாது.

4. பணம்

மொரீஷியஸ் ரூபாய் ஒன்றுக்கு நம் ரூபாய் இரண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கணக்கு வையுங்கள். விலைப் பலகையைப் பார்த்ததும் மனதுக்குள் இரட்டிப்பாக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். அங்குள்ள நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும். 100 ரூபாய்த் தாளில் இருப்பவர் ரெங்கநாதன் சீனிவாசன், மொரீஷியஸ் தமிழர். அம்மா முதல் நாள் மாற்றிய பணத்தில் ஒரு நூறு ரூபாயைச் செலவழிக்கவே விடவில்லை.

இந்திய ரூபாயை நாட்டுக்கு வெளியே ஆளுக்கு 25,000 வரைதான் கொண்டுபோகலாம். கொண்டுபோனாலும் அங்கே அதற்கு நல்ல விலை கிடைக்காது. டாலர் அல்லது யூரோ மேல். விமான நிலையத்திலேயே பணம் மாற்றும் கவுன்டர்கள் இருக்கின்றன. முதல் இரண்டு நாள் செலவுக்கு மட்டும் அங்கே மாற்றுங்கள், மீதியை ஊருக்குள் பார்த்துக்கொள்ளலாம். வங்கிகள் மதியம் மூன்று மணி வாக்கில் மூடத் தொடங்கிவிடும்.

2024 பிப்ரவரியிலிருந்து யூபிஐயும் ரூபேயும் மொரீஷியஸில் செல்லும். இதை நம்பி வெறும் கையோடு இறங்க வேண்டாம். பெரிய கடைகளில் நடக்கலாம், தெருவோரக் கடையில் ரொக்கம்தான். யூபிஐ செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை இந்தியாவில் இருக்கும்போதே இயக்கிவையுங்கள். அட்டைக்கும் வங்கிச் செயலியில் சர்வதேச அனுமதி கொடுங்கள். ஓடிபி வர வேண்டுமே, அதனால் இந்திய சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடாதீர்கள். இரண்டு சிம் போடும் தொலைபேசி இருந்தால் பெரிய நிம்மதி.

2025 அக்டோபர் முதல் சுற்றுலாப் பயணிகளுக்கு ஓர் இரவுக்கு ஆளுக்கு 3 யூரோ கட்டணம் வந்திருக்கிறது. 12 வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் கிடையாது. விடுதியில் பதிவு செய்யும்போது இது சேர்ந்திருக்கிறதா, தனியாகக் கட்ட வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

5. இறங்கியதும்

விமான நிலையம் தீவின் தென்கிழக்கில் இருக்கிறது, போர்ட் லூயிஸ் வடமேற்கில். இடையில் சுமார் 45 கிலோமீட்டர். நேரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால்.

குடியேற்ற வரிசைக்கு முன் சுகாதார அலுவலர்கள் இருப்பார்கள். மொரீஷியஸில் மலேரியா ஒழிக்கப்பட்டுவிட்டது. அதனால் இந்தியா மாதிரி மலேரியா இருக்கும் நாடுகளிலிருந்து வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். தங்கும் முகவரியைக் கேட்டு வைத்துக்கொண்டு, பிறகு தேடிவந்து விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் போகலாம். யாராவது அப்படி வந்தால் பயப்பட வேண்டாம், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஒத்துழையுங்கள். மஞ்சள் காய்ச்சல் இருக்கும் ஆப்பிரிக்க நாடுகள் வழியாக வருகிறவர்கள் தடுப்பூசிச் சான்றிதழையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

சிம் அங்கேயே வாங்கலாம், பாஸ்போர்ட் போதும். மை.டி, எம்டெல் இரண்டின் கவுன்டர்களும் இருக்கின்றன.

அடுத்தது டாக்சி. ஊபரும் ஓலாவும் இல்லை, டாக்சியில் மீட்டர் போட்டு ஓட்டும் வழக்கமும் இல்லை. ஏறும் முன் விலை பேசியாக வேண்டும். எங்களிடம் முதலில் கேட்டது 2500, பேசியதில் 1800க்கு வந்தார். மொத்த வண்டிக்கா ஆளுக்கா, பெட்டிக்குத் தனியா என்பதையும் சேர்த்தே பேசுங்கள். தங்குமிடத்துக்காரரிடம் சொல்லிவைத்தால் பெரும்பாலும் அவர்களே தெரிந்த ஓட்டுநரை அனுப்புவார்கள், அதுவே நல்லது. மாஹேபூர்–போர்ட் லூயிஸ் பேருந்து விமான நிலையம் வழியாகப் போகிறது. சின்னப் பையோடு பகலில் இறங்குகிறவர்கள் அதில் போகலாம். பெரிய பெட்டி வைக்க அதில் இடமில்லை.

6. போர்ட் லூயிஸ் பார்க்க வருகிறவர் போர்ட் லூயிஸில் தங்க வேண்டாம்

இது என் அழுத்தமான கருத்து. போர்ட் லூயிஸ் பகல் நேர ஊர். காலை ஏழு மணிக்குத் தெரு நிறையும், மாலை ஐந்துக்குக் கடைகள் ஷட்டரை இழுக்கும், ஆறரைக்கு நடைபாதையில் ஆள் இருக்காது. கோதான் கடற்கரை வளாகத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் இருக்கும். இரவு சாப்பாட்டுக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த இருட்டில் திரிய வேண்டியதில்லை.

ரோஸ்ஹில் அல்லது காத்ர் போர்னில் தங்குங்கள். மெட்ரோ ரயில் இரண்டு ஊர்களிலும் நிற்கிறது. ரோஸ்ஹில்லிலிருந்து போர்ட் லூயிஸ் அரை மணிக்குள் வந்துவிடும். கோவில்கள் பக்கம், காய்கறிச் சந்தை பக்கம், அறை வாடகையும் கடற்கரையோடு ஒப்பிட்டால் குறைவு. நாங்கள் ஒரு தமிழ்க் குடும்பத்தின் மாடியில் தங்கினோம். வீட்டுக்கார அம்மாவை எல்லோரும் 'தாந்தி' என்றுதான் கூப்பிடுகிறார்கள், நம் ஊர் அத்தை, சித்தி மாதிரி. அவர் பேசுவது கிரியோல், பிரெஞ்சிலிருந்து வந்த உள்ளூர் மொழி. என் அம்மாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. ஆனாலும் இரண்டாம் நாள் காலையில் இருவரும் சமையலறையில் கருணைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

தமிழ்ப் பெயர் உள்ளவர் எல்லோரும் தமிழ் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். பள்ளியில் படித்தவர்களும் ஆசிரியர்களும் அர்ச்சகர்களும் பேசுவார்கள். மற்றவர்களிடம் 'வணக்கம்' சொல்லிவிட்டு ஆங்கிலத்தில் தொடருங்கள். ஏன் தமிழ் தெரியாது என்று யாரையும் கேட்காதீர்கள், அது அவர்களைப் புண்படுத்தும்.

7. ஊரின் கடிகாரத்தைத் தெரிந்துகொண்டு திட்டமிடுங்கள்

போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தை திங்கள் முதல் சனி வரை மாலை ஐந்தரை வாக்கில் முடியும், ஞாயிறு முற்பகலோடு சரி. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நகரின் மற்ற கடைகள் பலவும் மூடிவிடும். ஞாயிறு வெறிச்சோடும். ரோஸ்ஹில், காத்ர் போர்ன், கியூர்பிப் போன்ற மேட்டு ஊர்களில் வியாழன் மதியத்துக்கு மேல் கடை கிடையாது. காத்ர் போர்ன் சந்தையில் காய்கறிக்குப் புதனும் சனியும், துணிமணிக்கு வியாழனும் ஞாயிறும்.

ஆகவே வெள்ளி இரவு வந்து இறங்கினால் ஊரைப் பார்க்கக் கிடைப்பது சனி காலை மட்டும்தான். முடிந்தால் திங்கள் அல்லது செவ்வாய் வந்து சேரும்படி டிக்கெட் எடுங்கள். தைப்பூசம், சிவராத்திரி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி எல்லாம் அங்கே அரசு விடுமுறை. அன்று கோவில் நிறைந்திருக்கும், வங்கியும் அலுவலகமும் பூட்டியிருக்கும்.

8. பேருந்தும் மெட்ரோவும்

மெட்ரோ போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ்ஹில், காத்ர் போர்ன், வாக்வா வழியாகக் கியூர்பிப் வரை போகிறது. அட்டை ஒன்றை வாங்கிப் பணம் ஏற்றிக்கொண்டால் தினமும் வரிசையில் நிற்க வேண்டாம். வயதானவர்களுக்குப் பேருந்தைவிட இது எவ்வளவோ சுகம்.

மெட்ரோ போகாத இடத்துக்குப் பேருந்து. போர்ட் லூயிஸில் இரண்டு பெரிய நிலையங்கள் இருப்பதுதான் புதியவர்களைக் குழப்பும். தெற்கே போக விக்டோரியா நிலையம், வடக்கே போக இமிகிரேஷன் ஸ்கொயர். இரண்டுக்கும் நடுவே நடக்கும் தூரம்தான், ஆனால் வெயிலில் பையோடு தவறான பக்கம் போய்விட்டால் அம்மா மாதிரி ஆட்களுக்கு அன்றைய தெம்பு அதோடு தீர்ந்துவிடும். நடத்துநர் உள்ளே வந்து சீட்டுக் கொடுப்பார். சில்லறை வையுங்கள். சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள், பரிசோதகர் ஏறுவார்.

கிராமப் பக்கம் மாலை ஆறரைக்கு மேல் பேருந்து வரும் என்று நம்ப வேண்டாம். எங்கே போனாலும் இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிடுங்கள்.

9. சாப்பாடு

சைவக்காரர்கள் கவலைப்பட வேண்டாம். தால் பூரி தெருவுக்குத் தெரு கிடைக்கும். கடலைப் பருப்பு வகையை அரைத்து உள்ளே வைத்த மெல்லிய ரொட்டி. எப்போதும் இரண்டாகத்தான் தருவார்கள். கடைக்காரர் ஒரு கையில் தாளை விரித்து, ரொட்டி இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சற்றுத் தள்ளிப் போட்டு, மொச்சை போன்ற பெரிய அவரைக் குழம்பு ஒரு கரண்டி, தக்காளித் தொக்கு ஒரு கரண்டி, மிளகாய் விழுது ஒரு தீற்று வைத்துச் சுருட்டித் தருவார். மிளகாய் விழுது நம் நாக்குக்கே காரம், குழந்தைக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். சந்தைக்குள் ஆலூதா குடித்துப் பாருங்கள். குளிர்ந்த பாலில் சப்ஜா விதையும் கடற்பாசித் துண்டும் மிதக்கும், மதுரைக்காரர்களுக்கு ஜிகர்தண்டா நினைவுக்கு வரும்.

தக்காளித் தொக்கில் சில இடங்களில் கருவாடு சேர்ப்பார்கள், வறுத்த நூடுல்ஸில் மீன் சாறு இருக்கலாம். 'சான் லவியான், சான் புவாசோன்' என்றால் இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். இதை ஒரு தாளில் எழுதி அம்மாவின் கைப்பையில் வைத்துவிட்டேன். காவடி முடிந்ததும் கோவிலில் வாழையிலை போட்டு ஏழு வகைச் சைவக் கறியோடு சாப்பாடு நடக்கும். வெளியூர்க்காரர் என்று தெரிந்தால் உட்காரச் சொல்லி வற்புறுத்துவார்கள், தாராளமாக உட்காரலாம்.

10. முதல் மூன்று நாள், நான் சொல்லும் வரிசை

வந்து சேர்ந்த நாளில் எதுவும் வேண்டாம். சிம், பணம், மெட்ரோ அட்டை, தூக்கம்.

மறுநாள் காலையில் மெட்ரோ நெரிசல் அடங்கியதும் போர்ட் லூயிஸ். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் பக்கத்திலேயே ஆப்ரவாசி காட். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் கரையேறிய இடம், 2006 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. ஞாயிறு மூடியிருக்கும், சனி மதியத்தோடு முடிந்துவிடும். துறைமுகத்திலிருந்து மேலே ஏறிவரும் கல் படிகள் பதினாறுதான். அவசரப்படாமல் நேரம் ஒதுக்குங்கள். அங்கிருந்து சந்தை, மதியம் கோதானில் உள்ள புளூ பென்னி அருங்காட்சியகம். 1847ஆம் ஆண்டின் புகழ்பெற்ற அஞ்சல் தலைகள் அங்கே இருக்கின்றன. அவை மங்கிவிடக் கூடாது என்று அவ்வப்போது சில நிமிடம்தான் விளக்குப் போடுகிறார்கள். டிக்கெட் வாங்கும்போதே அடுத்த முறை எப்போது என்று கேளுங்கள். நான்கு மணிக்கு முன் திரும்பும் ரயிலைப் பிடித்துவிடுங்கள், அதற்குமேல் அலுவலகக் கூட்டம் சேரும்.

மூன்றாம் நாள் கோவில்கள். காலையில் போர்ட் லூயிஸை அடுத்த சென்ட் குரோவாவில் மீனாட்சியம்மன் கோவில், கைலாசம் என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும். மாலையில் காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலையடியில் இருக்கும் முருகன் கோவில். படிகள் உண்டு, முழங்கால் வலி இருப்பவர்கள் டாக்சியில் போய் மெதுவாக ஏறட்டும். காவடி அன்று போவதானால் விடியற்காலையே போய்ச் சேருங்கள். சாலைகளை அடைத்துவிடுவார்கள். அலகு குத்தியவர்களின் முகத்துக்கு நேரே தொலைபேசியை நீட்டாதீர்கள். அவர்கள் பத்து நாள் விரதமிருந்து வருகிறவர்கள்.

11. தைப்பூசக் காலத்தில் வருகிறவர்களுக்குப் புயல் எச்சரிக்கை

தைப்பூசமும் புயல் பருவமும் ஒன்றாக வரும். நவம்பரிலிருந்து மே நடுப்பகுதி வரை பருவம். 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயல் மழையில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. எச்சரிக்கை ஒன்று முதல் நான்கு வரை போகும். ஒன்றாம் எண் அறிவித்ததுமே தண்ணீர், ரொட்டி, பேட்டரி வாங்கிவிடுங்கள், பணம் எடுத்துவிடுங்கள், விமான நிறுவனச் செய்தியைப் பாருங்கள். மூன்றாம் எண்ணுக்குப் பிறகு பேருந்து நின்றுவிடும், வெளியே போகக் கூடாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது புயலால் விமானம் ரத்தானால் தங்கும் செலவைத் தருவார்களா என்று படித்துப் பாருங்கள். விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம் இருக்கும்.

கொசு மருந்துக் களிம்பும் மறக்க வேண்டாம், மழைக்குப் பின் சிக்குன்குனியா, டெங்கு இரண்டும் வருவதுண்டு. காவல்துறைக்கு 999, ஆம்புலன்ஸுக்கு 114. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். பிறகு போர்ட் லூயிஸ் ஜான் கென்னடி தெருவில் எல்ஐசி கட்டடத்தில் இருக்கும் இந்தியத் தூதரகத்துக்குப் போங்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், நுழைவு முத்திரை பதிந்த பக்கம் மூன்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பிவையுங்கள். முத்திரைப் பக்கத்தை விமான நிலையத்திலேயே, பெட்டிக்காகக் காத்திருக்கும்போது எடுத்துவிடலாம்.